ஸ்டோர் கீப்பரும் உம்மா ஆட்டமும்

நான் செய்த வேலைக்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. சைக்கிள் தந்தார்கள், மழைக் கோட்டும் தந்தார்கள். ஆனாலும் அந்த வேலையின் பெயரை என் வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் யார் கேட்டாலும் "என்.ஜி.ஓ.வில ஸ்டோர் கீப்பர்" என்பேன். பொய்க்குத் துணையாக இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வையையும் செருகியிருந்தேன். கடல் வந்துபோன பிறகு இடிபாடுகளுக்குள் பொறுக்கிய திறப்புகள் அவை. ஒன்றுக்கும் பூட்டு இல்லை, பூட்டு இருந்த கதவும் இல்லை. ஆனால் நடக்கும்போது நல்ல சத்தம் வரும்.

என் உண்மையான வேலை, நாலு வயதிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுவது.

சிரிக்க விருப்பமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவன் நான்தான். சிரிப்பதோடு விட்டிருக்கவும் மாட்டேன், பட்டப்பெயரும் வைத்திருப்பேன்.

2004 டிசம்பர் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கும் சுபைறாவுக்கும் கலியாணம் முடிந்து ஒன்பது மாதம். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வாழப்போவான். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். அப்படி நான் போய்ச் சேர்ந்த சுபைறாவின் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் வடிந்த பிறகு அடுப்பு இருந்த குசினிச் சுவர் ஒன்றுதான் மிஞ்சியது. நாங்கள் மூன்று பேரும் அன்று காலையில் கல்முனைக்குடியில் ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினோம். யாருடைய மரணமோ எங்களைக் காப்பாற்றியது.

மூன்றாவது ஆள் என் மாமனார் ஷரிபுதீன். இரண்டு தோணிகளுக்குச் சொந்தக்காரராக இருந்தவர். எங்கள் குடிக்கு மரைக்காயர் அவர், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் சார்பில் உட்காருகிறவர். ஊரே எழுந்து நின்று சலாம் சொல்லும் மனிதர். தோணிகளும் போய் வீடும் போன பிறகு, பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட தகரக் கொட்டிலில், நடுவில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி, ஒரு பக்கம் அவரும் மறு பக்கம் நாங்களும் இருந்தோம்.

மாமாவும் நானும் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மரியாதைதான். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுபைறாவுக்குச் சொல்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சொல்ல வேண்டியதையும் சுபைறாவுக்குச் சொல்வேன். மறைப்புக்கு அப்பால் அவர் இருமுவார். ஒரு இருமல் சம்மதம். இரண்டு இருமல் என்றால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நான் மனுப் போட்டது ஸ்டோர் கீப்பர் வேலைக்குத்தான். நேர்முகத்துக்குப் போனால் அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். எழுந்து வரப் பார்த்தபோது மூலையில் இருந்த பெண் என்னை இருக்கச் சொன்னார். அவர் சுஜித்தா மிஸ், பாண்டிருப்பு ஆள், நடன டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்.

"சின்னப் புள்ளைகளோட வேலை செய்ய ஒரு ஆம்பிளை தேவை," என்றார்.

"என்ன வேலை மிஸ்?"

"ஆடுற வேலை."

நான் கதவைப் பார்த்தேன்.

"நான் ஆடினா பொம்பிளைப் புள்ளைகள் பின்னால வருதுகள். பொடியனுகள் சுவரோட நிக்கிறானுகள். அது பொம்பிளையள்ற வேலையாம். அவனுகளும் அந்தத் தண்ணிக்குள்ள கிடந்து வந்தவனுகள்தானே? அவனுகளுக்கும் பயம் இரிக்கும்தானே? அதை எங்க கொண்டுபோய் இறக்கி வைக்கிற? ஒரு ஆம்பிளை முன்னுக்கு நிண்டு ஆடினா என்ன சொல்லுவானுகள் எண்டு பாப்பம்."

எனக்கு வேலை வேண்டும், அது மட்டும் தெரிந்தது. ஓம் என்றேன். அன்று பின்னேரம் சுபைறாவிடம், மறைப்புக்கு அப்பாலும் கேட்கும்படியாக, "ஸ்டோர் கீப்பர் வேலை கிடைச்சிட்டு" என்றேன். ஒரு இருமல் வந்தது.

கல்முனைக்குடியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் பெரிய அறையில்தான் எங்கள் ஆட்டம் நடந்தது. தாய்மாரும் மாமிமாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மத்தியானம் கூட்டிப்போவார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் என் இரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன். என் புத்தியை அளக்க அந்த ஒன்றே போதும்.

சுஜித்தா மிஸ்ஸிடம் படம் கீறிய அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. உம்மா, வாப்பா, கைக்குழந்தை, தோணி தள்ளுகிறவர், வீடு கூட்டுகிறவர், அழுகிறவர் என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒருவர். பிள்ளைகள் வட்டமாக இருந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததை ஆட வேண்டும், வாயால் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. பெண் பிள்ளைக்கு வாப்பா வந்தாலும் ஆடத்தான் வேண்டும், ஆண் பிள்ளைக்கு உம்மா வந்தாலும் ஆடத்தான் வேண்டும். அங்கே சட்டம் அது ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் கொண்டாட்டம். அம்ஹா என்று ஒரு குட்டி இருந்தாள். வாப்பா அட்டை வந்தால் தோளை அகட்டிக்கொண்டு உள்ளே வருவாள், செருப்பை ஒரு மூலைக்கும் மற்றச் செருப்பை இன்னொரு மூலைக்கும் உதறுவாள், காலுக்கு மேல் கால் போட்டு இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டுக் கையை நீட்டுவாள். அறையே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்தேன். பின்னேரம் கொட்டிலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு வரவில்லை, இரண்டையும் குனிந்து சேர்த்து வைத்தேன்.

பொடியன்களோ உம்மா அட்டை வந்தால் தூக்கி எறிவார்கள். சிலர் அழுவார்கள். அப்போது நான் முன்னுக்குப் போய் ஆட வேண்டும். முதல் நாள் வீடு கூட்டுவதை ஆடிக் காட்டினேன், முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. பொடியன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இரண்டாம் கிழமை மூன்று பேர் என்னோடு சேர்ந்து கூட்டினார்கள்.

ஒருவன் மட்டும் உம்மா அட்டைக்காகவே வந்தான். அவன் றிஸ்வான், அப்போது ஆறு வயது ஆகவில்லை. அவனுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோனது. அவனைத் தென்னை மரத்தில் தூக்கி வைத்துவிட்டுத்தான் அவள் போனாள். அன்றிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய வாப்பா ஹஸன் கடல்தொழில் செய்தவர். அவரும் அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போகவில்லை.

வேறு அட்டை வந்தால் றிஸ்வான் அதைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உம்மாவை வாங்கிக்கொள்வான். தோளில் கிடக்கும் துணியை எடுத்து முக்காடு போடுவான். குந்தியிருந்து அடுப்பு ஊதுவான், கண்ணைக் கசக்குவான். கோப்பையில் சோறு போடுவான். பிறகு மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துக் களைவான். கடைசியாக உள்ளங்கையில் ஒருமுறை அழுத்திப் பார்ப்பான், தப்பிய முள் இருக்கிறதா என்று. வெறும் கை. ஆனால் எனக்கு அந்த மீன் தெரிந்தது.

அவனுக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய்விடுவார்கள், அவ்வளவு நேரம் யார் காத்திருப்பது? அதனால் நான் பிள்ளையானேன். நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து வாயைத் திறப்பேன். அவன் ஆடி ஆடி வந்து ஊட்டுவான். இருபத்தேழு வயது ஆண், தாடி வைத்தவன், ஆறு வயதுகூட ஆகாத பொடியனின் வெறும் விரலுக்கு வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. அவனுக்குப் பயம் வந்தால், மழை இடித்தாலோ தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி பெரிய சத்தத்தோடு வந்தாலோ, என்னைத் தேடி வந்து முன்னால் குந்திவிடுவான். நான் பிள்ளையாகிவிடுவேன். ஊட்டி முடிய அவன் நடுக்கம் நின்றுவிடும்.

எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. கடல் வந்த நாளில் நான் பதினொரு மையித்துகளை, பிரேதங்களை, தூக்கினேன். அதில் இரண்டு என் கூட்டாளிகள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஆண்கள் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு நாள் றிஸ்வான் ஊட்டிக்கொண்டிருக்கும்போது காரணம் தெரியாமல் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் திகைக்கவில்லை. முக்காட்டுத் துணியின் நுனியால் என் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டு அடுத்த வாயை ஊட்டினான். அவன் உம்மா அப்படித்தான் செய்திருப்பாள்.

இவ்வளவையும் சொன்னது, நான் யாருக்கு அதைச் செய்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

ஆகஸ்ட் விடுமுறையில் முகாம் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் சுன்னத்துச் செய்யப் பள்ளிவாசலில் ஏற்பாடு ஆனது. முன்னின்று நடத்தியவர் மாமா. வளவில் பந்தல் போட்டார்கள். நாற்பது பொடியன்கள், வெள்ளைச் சாரம், தொப்பி, தோளில் புதுச் சால்வை, கழுத்தில் மாலை. ஒவ்வொருவராகக் கவிழ்த்த உரலில் இருத்துவார்கள். சுன்னத்துச் செய்கிற ஒஸ்தா மாமா வேலையை முடிக்கும் அந்த நேரத்தில், சேலை மறைப்புக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் குரவை போடுவார்கள். சந்தோஷத்துக்குத்தான் குரவை. பிள்ளையின் அழுகையும் அதற்குள் அமுங்கிப்போகும். எனக்கும் அப்படித்தான் நடந்தது, என் வாப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

நான் மாமாவுக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரியவர்களோடு நின்றேன். இடுப்பில் திறப்புக் கோர்வை. தேத்தண்ணிக் கடை அச்சிமுகம்மது காக்கா எல்லாருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொடியன் உள்ளே அலறினான், குரவை கிளம்பியது. வரிசையில் நின்ற றிஸ்வானின் முகம் வெளுத்ததைக் கண்டேன். அவன் கண்கள் கூட்டத்துக்குள் எதையோ தேடின. என்னைத்தான் தேடின. அது எனக்கு அப்போதே தெரியும்.

வரிசையை விட்டு ஓடி வந்தான். என் முன்னால் வந்து, தோளில் கிடந்த சால்வையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு குந்தினான். சோறு குழைத்தான். முள்ளெடுத்தான். உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தான். கையை என் வாய்க்கு நேரே தூக்கினான். நான் அசையவில்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எட்டு மாதமாகத் திறக்காத அந்த வாயைத் திறந்து கதைத்தான்.

"சேர், புள்ளையா இரிங்க."

அவன் பேசுகிறான் என்று என் மனம் குதித்தது. அதே நேரத்தில் நாலு பக்கமும் ஆட்கள் திரும்பியதும் எனக்குத் தெரிந்தது.

"என்ன மர்சூக்?" என்றார் அச்சிமுகம்மது காக்கா. "பொடியன் ஒனக்குச் சோறு தீத்துறான் போல?"

யாரோ சிரித்தார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை என் இடுப்புத் திறப்பில் வந்து நின்றதாக எனக்குப் பட்டது. கேள்வி கேட்காத மனிதருக்கு நான் பதில் சொன்னேன்.

"ஆரெண்டு தெரியா காக்கா. ஸ்டோருக்குச் சாமான் எடுக்க வாற வீட்டுப் பொடியன் போல. பொம்புள மாதிரி ஆடித் திரியிறான்."

அதோடு விட்டேனா? இல்லை. அவன் தலையில் இருந்த முக்காட்டைப் பிடித்து இழுத்தேன். தொப்பியும் சேர்ந்து விழுந்தது. கையைப் பிடித்து எழுப்பி வரிசைப் பக்கம் தள்ளினேன்.

"ஆம்புளையா நில்றா!"

பந்தல் சிரித்தது. வரிசையில் நின்ற பொடியன்களும் சிரித்தார்கள், சிரித்தால் பயம் குறையும்தானே. றிஸ்வான் தொப்பியை எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. உரலில் இருந்தான். பெண்கள் குரவை போட்டார்கள். அவன் அழவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. குரவை ஓய்ந்த பிறகும் ஒரு சத்தமும் இல்லை. "மாஷா அல்லாஹ், இவனல்லவா ஆம்புளப் புள்ள!" என்று ஒஸ்தா மாமாவே சொன்னார். ஹஸன் மகனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, சர்பத் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் கொட்டிலுக்குள் சுபைறா என்னருகில் வந்து இருந்தாள்.

"வாப்பா கேக்கச் சொல்றாரு. அந்தப் புள்ளைய ஏன் தள்ளினீங்களாம்?"

"எந்தப் புள்ளைய?"

"ஒங்களுக்குச் சோறு தீத்துற புள்ளைய. றிஸ்வான."

"அவன்ட பேர் ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருக்குள்ள எந்தப் பொம்புளைக்கி இது தெரியா? அம்ஹாட உம்மா கிணத்தடியில நீங்க வாயத் திறந்துகிட்டு இரிக்கிறத ஆடியே காட்டுவா. எல்லாரும் சிரிப்பம். பொறகு எல்லாரும் அழுவம்."

"மாமாவுக்கு?"

மறைப்புக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது.

"வாப்பாவுக்கு மொதல் கிழமையே நான் சொல்லிட்டன்," என்றாள் சுபைறா. "'புள்ளைகளுக்கு நல்லம்தானே, நாங்களும் அந்த நாளையில கலியாண வீடுகள்ல கம்பெடுத்துப் பொல்லடிச்சி ஆடினவங்கதானே' எண்டாரு. நீங்க வெக்கப்படுறீங்க எண்டுதான் ஒருத்தரும் வாயத் திறக்கல்ல."

"அப்ப இந்தத் திறப்பு?"

"அதப் பாத்தா சிரிப்ப அடக்கத்தான் கஷ்டம்."

மண் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். யாரிடமிருந்து மறைக்க அந்தப் பிள்ளையை விற்றேனோ, அவர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்காக ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் மட்டும் ஒரு பிள்ளைக்காக வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்றிருக்கிறேன்.

மாமா மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மகன், நாளைக்கிப் போய் அந்தப் புள்ளையோட கதைங்க. காயம் ஆறுற வரைக்கும் பாத்திட்டு இரிக்காதீங்க."

"ஓம் மாமா," என்றேன்.

நான் போகவில்லை. நாளைக்கு என்று நினைத்தேன், மறுநாளும் அதையே நினைத்தேன். ஹஸனின் கொட்டில் எங்களிலிருந்து பன்னிரண்டாவது கொட்டில். பன்னிரண்டு கொட்டில் தூரம் நடக்க என் கால்களுக்கு முடியவில்லை. போய் என்ன சொல்வது? அவன் முன்னால் குந்தினால் மற்றவர்கள் பார்ப்பார்களே? எல்லாருக்கும் தெரிந்த பிறகும் எனக்கு அந்த வெட்கம் போகவில்லை. வெட்கத்துக்குக் காரணம் தேவைப்படுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு அவனே வந்தான். சுவரோடு சாய்ந்து நின்றான். அட்டை எடுக்கும் நேரம் சுஜித்தா மிஸ் உம்மா அட்டையைத் தேடி எடுத்து அவனுக்கு நீட்டினார். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் ஆம்புள," என்றான்.

பந்தலில் அவன் கதைத்தது குரவைக்குள் என்னைத் தவிர ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை. அறையில் இருந்த பெண்கள் கையைத் தட்டினார்கள். "கதைச்சிட்டான், றிஸ்வான் கதைச்சிட்டான்!" என்று ஓடினார்கள். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். பேச்சு நின்றுபோன பிள்ளை ஆட்டத்தால் பேசினான் என்று அறிக்கையில் எழுதினார்கள். அதில் என் பெயரும் இருந்தது. என்னையும் அவனையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவன் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு சுஜித்தா மிஸ் அட்டைகளை அடுக்கியபடி கேட்டார். "கதைக்கிறது நல்லம். ஆனா இந்தப் புள்ளை ஆட்டத்தை விட்டது ஏன் எண்டு உங்களுக்குத் தெரியுமா மர்சூக்?"

"தெரியா மிஸ்."

அவர் உம்மா அட்டையைக் கட்டின் அடியில் செருகினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் றிஸ்வான் ஆடவில்லை. பயம் வந்தாலும் என்னிடம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தனியே நடுங்கி முடிப்பான்.

அடுத்த வருடம் அந்த என்.ஜி.ஓ. மூட்டையைக் கட்டிக்கொண்டு போனது. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்கிறீர்கள்? ஸ்டோர் கீப்பர். திறப்பு, பூட்டு, கதவு எல்லாம் உண்மை. ஊரில் யாரும் இப்போது கேட்பதில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை, ஆலைக்கு வெறும் சாக்கு எடுப்பதற்காகப் பாண்டிருப்பில் தம்பிமுத்து என்ற வியாபாரியிடம் போனேன். எங்கள் பக்கத்தில் சந்திக்குச் சந்தி கொடியும் பட்டாசுமாக இருந்தது. பாண்டிருப்பு தமிழ் ஊர், அங்கே நாய் குரைக்கும் சத்தம்கூட இல்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது ஒரு வீட்டுப் படலையடியில் சுஜித்தா மிஸ் நின்றார். மூன்று வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. சைக்கிளை நிறுத்தினேன்.

"எப்பிடி மிஸ் இரிக்கிறீங்க?"

"தம்பி வன்னிக்குள்ள, சண்டைக்குள்ள மாட்டிட்டான். மூண்டு மாசமா ஒண்டும் தெரியா," என்றார். அழவில்லை. சொல்லிச் சொல்லிக் காய்ந்துபோன சொல் மாதிரி வந்தது. நான் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு அவரே கேட்டார். "அந்தப் புள்ளை எப்பிடி? றிஸ்வான்?"

"நல்லா இரிக்கான் மிஸ்," என்றேன்.

பொய். நான் அவனைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. தன் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத ஒரு பெண், ஊரில் அவ்வளவு பட்டாசு வெடிக்கும் ஒரு நாளில், எங்கள் பிள்ளைகளில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். நான் அவருக்கும் பொய் சொல்கிறேன். பாண்டிருப்பிலிருந்து கல்முனை வரை மிதிக்கும்போது என் காது சுட்டுக்கொண்டே இருந்தது. கல்முனைச் சந்தியில் ஆலைக்குத் திரும்பவில்லை. நேரே ஓட்டினேன்.

வீடு இழந்தவர்களுக்கு வயல் பக்கமாகக் கட்டிக்கொடுத்த வீட்டுத் திட்டத்தில்தான் ஹஸன் இருந்தார். அதன் வாசலில் அச்சிமுகம்மது காக்காவின் புதுக் கடை. பின்னேரத் தேத்தண்ணிக்கு ஆண்கள் நிறைந்திருந்தார்கள். முன்னால் இருந்த மணலில் பொடியன்கள் தென்னை மட்டையில் துவக்குச் செய்து சண்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பத்து வயது றிஸ்வான், உயர்ந்திருந்தான், நெஞ்சை நிமிர்த்திக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். சுடப்பட்டு விழ வேண்டிய ஒரு சின்னவன் முழங்காலில் தோல் உரிந்து அழுதான். றிஸ்வான் அவனைப் பார்த்துக் கத்தினான்.

"அழப்படாடா! ஆம்புளதானே நீ?"

அது என் குரல். எழுத்துக்கு எழுத்து என் குரல்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலுக்குள் நடந்தேன். பொடியன்கள் விலகினார்கள். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். என்ன சொல்வது என்று நாலு வருடம் யோசித்தும் எனக்கு ஒரு சொல் கிடைத்திருக்கவில்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முன்னால், எல்லாரும் பார்க்க, சாரத்தோடு மணலில் சப்பாணி கட்டி இருந்தேன். நிமிர்ந்து அவனைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

முதலில் பொடியன்கள் சிரித்தார்கள். பிறகு கடையிலிருந்து சிரிப்பு வந்தது. "மர்சூக்குக்கு என்னவாம்?" என்று அச்சிமுகம்மது காக்கா கேட்டார். சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும் என்று இருந்தேன். றிஸ்வானின் முகத்தை மட்டும் பார்த்தேன்.

அவனுக்கு நினைவிருந்தது. அது கண்ணில் தெரிந்தது. தென்னை மட்டைத் துவக்கைக் கீழே போட்டான். என் பக்கம் குனிந்தான். குந்தப் போகிறான் என்று நினைத்து வாயை இன்னும் அகலத் திறந்தேன்.

அவன் குந்தவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்தான், இதமாகத்தான் பிடித்தான், நோகாமல். வேறு யாருக்கும் கேட்காதபடி காதோடு சொன்னான்.

"எழும்புங்க சேர். ஆக்கள் பாக்குறாங்க."

நான் எழும்பினேன். அவன் குனிந்து என் சாரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். பிறகு கடைப் பக்கம் திரும்பி, "சேருக்குத் தலை சுத்திட்டு, அதான்," என்று உரத்துச் சொன்னான். சிரிப்பு நின்றது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருந்தான்.